ஜீவனம்: தச்சுவேலை

நிலம் உள்ளவர்கள் தங்கள் முன்னோரைத் தேடுவது பெரிய சிரமமில்லை. பட்டா இருக்கும், பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கும், திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று நடந்த வழக்கின் தீர்ப்பாவது இருக்கும். சேரியில் பிறந்தவர்களுக்குத் தாத்தாவின் அப்பா பெயரைத் தாண்டினால் இருட்டுதான். "நம்ம ஆளுங்களுக்கு வரலாற்று உணர்வு கிடையாது" என்று நம்மவர்களே சொல்லிக்கொள்வதைப் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி கேட்கிறேன். உணர்வெல்லாம் இருக்கிறது. எழுதிவைக்கத்தான் ஆள் இல்லை. கர்ணத்தின் கணக்கில் நிலம் வைத்திருந்தவன் பெயர் ஏறியது; அதில் உழுதவன் பெயர் ஏறவில்லை. நம்முடைய ஆட்களின் உழைப்பை யாராவது தலை எண்ணிக் கணக்குக் காட்ட வேண்டியிருந்த இடங்களில் மட்டும்தான் நம் பெயர்கள் எழுதப்பட்டன. பட்டாளம், கப்பலேறிய கூலிகளின் பட்டியல், கோலார் தங்கவயல், சிறைச்சாலை, மிஷன் சர்ச்.

என் அப்பாவின் தாத்தா, எங்கள் பக்கத்து வழக்கில் பூட்டன், இவற்றில் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கிறார். மூன்றாவதாகப் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் ஓர் இடத்தில் இருக்கிறார். மூன்றிலும் வேறு வேறு ஆளாக இருக்கிறார்.

குடும்பத்தில் அவர் "பட்டாளத்துத் தாத்தா". முதல் உலகப் போருக்குப் போய்வந்தவர், காலில் காயம்பட்டவர், கோபக்காரர். இவ்வளவுதான் எங்கள் தலைமுறைக்கு வந்து சேர்ந்தது. தொட்டுப் பார்க்கக் கிடைத்தவை இரண்டே பொருள்கள்: ஒரு வெள்ளிப் பதக்கம், ஓர் அகல உளி. அந்த உளியின் இரும்பில் அம்புக்குறி குத்தியிருக்கிறது. அது பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கு அடையாளமாகப் போடும் முத்திரை. அரசுச் சொத்து எப்படி எங்கள் வீட்டுப் பெட்டிக்கு வந்தது என்று யாரும் இப்போது கேட்கப்போவதில்லை.

பதக்கத்தில் முகப்பைவிட விளிம்புதான் முக்கியம். அந்தப் போரின் பதக்கங்களில் விளிம்பைச் சுற்றிப் படைவீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் பொறித்திருப்பார்கள். எங்கள் வீட்டுப் பதக்கத்தின் விளிம்பில் "சாப்பர்" என்ற பதவியும், பிறகு "2 க்யூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்." என்ற சுருக்கமும் உள்ளன. விரித்தால் விக்டோரியா ராணியின் சொந்த சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். நாம் மதராஸ் சாப்பர்ஸ் என்று சொல்கிற, பெங்களூர் அல்சூர் பக்கம் இன்றும் இயங்கும் மதராஸ் எஞ்சினியர் குழுவின் முன்னோடி. உலோகமும் ஒரு தகவல் சொல்கிறது. போரிட்ட படைவீரருக்கு வெள்ளி கொடுத்தார்கள். கூலிப்படையாகப் போனவர்களுக்கு அதே பதக்கத்தை வெண்கலத்தில் கொடுத்தார்கள். சாவுக்கும் தரம் பிரித்துத்தான் உலோகம் வார்த்திருக்கிறார்கள்.

சாப்பர் என்பவன் யார்? கோட்டைக்கு அடியில் சுரங்கம் தோண்டுபவன், ஆற்றில் பாலம் போடுபவன், படை போகும் பாதையைச் செப்பனிடுபவன், கிணறு வெட்டுபவன். வேண்டியபோது துப்பாக்கி எடுத்துச் சுடவும் வேண்டும். வட இந்தியாவில் இந்தப் பெயர் வாயில் நுழையாமல் "சஃபர்மைனா" ஆகிவிட்டது. மதராஸ் பிரிவின் தொடக்கம் 1780. ஹைதர் அலியோடு போர் நடந்த காலத்தில் 2 பயனியர் கம்பெனிகளாக எழுப்பப்பட்டது. அதன்பின் சீனா, பர்மா, அபிசீனியா, எகிப்து என்று பிரிட்டிஷ் பேரரசு காலூன்றிய எல்லா இடங்களுக்கும் இவர்களைக் கொண்டுபோனார்கள். இந்தப் படைக்கு ஆள் தந்த சமூகங்களில் முதன்மையானது பறையர் சமூகம். வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரிகளில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளம் என்று கிழவிகள் சொல்வதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், பொய் என்று தள்ள முடியாது. வெள்ளை அதிகாரிகள் இவர்களைத் "தம்பி" என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் படைக்குள் இன்றும் இருக்கிறது.

சாப்பர் ஒருவன் அணிவகுப்பு மட்டும் கற்றால் போதாது. தச்சு, கொல்லு, கொத்து, கல்லுடைப்பு என்று ஏதாவது ஒரு கைத்தொழிலில் தேர்ச்சி பெற்றாக வேண்டும். பெங்களூரில் படைக்கென்றே பட்டறை இருந்தது. தேர்வு வைப்பார்கள், தேர்ச்சிக்கு ஏற்பப் படி தருவார்கள். இதை நிறுத்திப் படிக்க வேண்டும். நம் ஊர்களில் தச்சும் கொல்லும் கம்மாளர் பிறப்போடு வருவது. சேரிப் பிள்ளை ஒருவன் இழைப்புளியைத் தொட்டுக் கற்றுக்கொள்ள ஊரில் ஒரு பட்டறையும் கிடையாது. அவனுக்கென்று ஒதுக்கப்பட்டவை பறை, வெட்டியான் வேலை, தோட்டி வேலை, பண்ணை. முரட்டுத் துணி நெய்த பறையர்கள் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆலைத்துணி வந்தபின் அந்தத் தறிகளும் நின்றுபோயின. இப்படி ஒதுக்கப்பட்ட ஒருவனிடம் "உனக்கு எந்தத் தொழில் வருகிறது பார்ப்போம், தேர்ச்சி பெற்றால் கூடுதல் சம்பளம்" என்று ஒரு நிறுவனம் சொன்னது. சாதி ஒழிப்பில் அக்கறை கொண்டு சொல்லவில்லை. பாலம் கட்ட ஆள் வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த வாக்கியத்தை நம்மிடம் அதற்கு முன்பு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இந்த இடத்தில் வழக்கமான கேள்வி வரும். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தவன் துரோகியல்லவா? பீமா கோரேகான் நினைவு நாளில் ஆண்டுதோறும் இந்தக் கேள்வியை மகர்களை நோக்கி வீசுகிறார்கள். 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் படையில் மகர்கள் இருந்தார்கள். தூணில் உள்ள பெயர்களில் "நாக்" என்று முடிபவை அவர்களுடையவை. 1927இல் அம்பேத்கர் அங்கே போய் மரியாதை செலுத்தினார். அன்று அவர்களோடு நின்ற 2 பீரங்கிகளும் மதராஸ் பீரங்கிப் படையைச் சேர்ந்தவை என்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது.

என் பதில் எளிது. கம்பெனிக்கு துபாஷாக இருந்து தெருவுக்கே பெயர் வாங்கியவர்களை யாரும் துரோகி என்பதில்லை. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்து வரி வசூலித்தவரின் பேரன்கள் அதைக் குடும்பப் பெருமையாகச் சொல்கிறார்கள். சம்பளத்துக்குச் சிப்பாயாகப் போன சேரிக்காரனிடம் மட்டும் தேசபக்திச் சான்றிதழ் கேட்பது வரலாற்று ஆர்வத்தால் அல்ல. அதே நேரத்தில், பூட்டனை நான் விடுதலை வீரராகவும் வரையப்போவதில்லை. மதராஸ் சாப்பர்கள் பர்மாவில் போட்ட பாதை பர்மியர்களை அடிமைப்படுத்தப் போட்ட பாதை. மெசபடோமியாவின் மக்கள் எங்கள் சேரிக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை.

நன்றி சொல்ல வேண்டிய அளவுக்கு ஆங்கிலேயரும் நடந்துகொள்ளவில்லை. 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், பிறகு இந்தியப் படை முழுமைக்கும் தளபதியானார். தெற்கத்தியர்கள் போருக்கு லாயக்கற்றவர்கள் என்பது அவர் கொள்கை. "போர்க்குடி" என்ற அந்தக் கோட்பாடு, பிறப்பை வைத்து வீரத்தை அளப்பது. மனு எழுதியிருந்தாலும் இதைவிடச் சுருக்கமாக எழுதியிருக்க முடியாது. 1890களிலும் அதைத் தொடர்ந்தும் தமிழ், தெலுங்குக் காலாட்படைகள் கலைக்கப்பட்டன, அல்லது பஞ்சாபியரைக் கொண்டு நிரப்பப்பட்டன. மேற்கே மகர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது. ஓய்வுபெற்ற படைவீரர் கோபால் பாபா வலங்கர் 1894இல் மனு எழுதினார். சிவராம் ஜன்பா காம்ப்ளே 1910இல் லண்டன் வரை மனு அனுப்பினார். ஆள் பற்றாக்குறை வந்த 1917இல் 111ஆவது மகர் படைப்பிரிவை எழுப்பி, போர் முடிந்தபின் 1921இல் கலைத்தார்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் படைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் என்பதையும், அந்தப் பள்ளிதான் அந்தக் குடும்பத்துக்குள் எழுத்தைக் கொண்டுவந்தது என்பதையும் நினைத்துப் பார்த்தால், சாத்தப்பட்ட கதவின் விலை என்னவென்று புரியும்.

தெற்கே சாப்பர்களையும் பயனியர்களையும் மட்டும் முழுவதுமாகக் கைவிடவில்லை. மண்வெட்டியும் உளியும் பிடிக்க அவர்களுக்கு ஆள் வேண்டும். பயனியர் படைகளையும் 1933இல் கலைத்துவிட்டார்கள். பூட்டன் சேர்ந்தது இந்தக் குறுகிய சந்துக்குள்தான். போருக்குச் சில ஆண்டுகள் முன்பு பெங்களூருக்கு ரயிலேறினார். போரில் அவரை அனுப்பிய இடம் மெசபடோமியா, இன்றைய இராக். அவருடைய கடைசி மகள், எனக்கு அத்தைப் பாட்டி, சில ஆண்டுகள் முன்புவரை இருந்தார். "பசுரா, பசுரா"ன்னுவார் என்று அவர் சொன்னபோது எனக்கு முதலில் விளங்கவில்லை. பாஸ்ரா. அங்கே தண்ணீருக்குப் பட்ட பாட்டைத்தான் அதிகம் சொல்வாராம். சண்டையைப் பற்றிப் பேச்சே இல்லை. பாலைவனத்தில் படைக்குக் கிணறு தோண்டியவர் ஊருக்குத் திரும்பிவந்து ஊர்க்கிணற்றில் வாளி விட முடியவில்லை. பொதுக் கிணறும் பொதுப் பாதையும் எல்லாருக்கும் திறந்தவை என்று இரட்டைமலை சீனிவாசன் மதராஸ் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்ததே 1924இல்தான்.

திரும்பிவராதவர்கள் எங்கே? பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகிறார்கள். 1929இல் திறந்தார்கள். பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் இருக்கின்றன. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே எண்ணிக்கை மட்டும். பிரான்சில் நவ் ஷாப்பல் நினைவுச் சின்னத்தில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்களைத் தனித்தனியாகப் பொறித்திருக்கிறார்கள். ஐரோப்பியர் பார்க்கிற இடத்தில் பெயர், பாலைவனத்தில் எண்ணிக்கை. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021இல் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. பெயர் இல்லாமலோ, எந்த நினைவும் இல்லாமலோ விடப்பட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர், 3,50,000 வரையும் இருக்கலாம் என்கிறது அது. அதே 2021இல் லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்த, சுமார் 3,20,000 பஞ்சாப் வீரர்களின் பதிவேடுகள் இணையத்துக்கு வரத் தொடங்கின. பஞ்சாபி ஒருவர் தன் கிராமத்தின் பெயரைத் தட்டித் தன் பூட்டனைத் தேட முடிகிறது. வட ஆற்காட்டுக்காரருக்குப் பதக்க விளிம்புதான் கதி. அதையும் பஞ்சகாலத்தில் வெள்ளி விலைக்கு விற்றுவிட்ட வீடுகள் எத்தனையோ.

சரி, திரும்பிவந்தவர் கதைக்கு வருகிறேன். மூன்றாவது ஆவணம் 1926இல் பதிவான ஒரு கிரயப் பத்திரம். ரயில்நிலையத்துக்குப் பக்கத்தில் சிறு மனை ஒன்றைத் தோல் வியாபாரி ஒருவரிடமிருந்து வாங்கியிருக்கிறார். அந்தக் காலப் பத்திரங்களைப் படித்தவர்களுக்கு அந்த வாய்பாடு தெரியும். இன்னார் குமாரன் இன்னார், இன்ன மதம், இன்ன ஜாதி, இன்ன ஜீவனம் என்று வரிசையாக வரும். ஆதி திராவிடர் என்றே எழுத வேண்டும் என்று 1922இல் அரசு உத்தரவு வந்தாயிற்று. பத்திரம் எழுதியவருக்கு அது எட்டவில்லை போலும். பழைய சாதிப் பெயரே இருக்கிறது. அதற்கு அடுத்த சொல்லில் என் கண் நின்றுவிட்டது. ஜீவனம் தச்சுவேலை.

சாதிக்கும் ஜீவனத்துக்கும் இடையில் ஒரு சொல்லிடைவெளிதான். ஆனால் எங்கள் தாலுகாவின் அந்தக் காலத்துப் பத்திரங்களில் நான் புரட்டியவரை, நம் சாதிப் பெயருக்குப் பக்கத்தில் கூலி, சாகுபடி என்பவைதான் மீண்டும் மீண்டும் வருகின்றன. இந்தச் சேர்க்கை வேறெங்கும் கண்ணில் படவில்லை.

"எங்கப்பா ஆசாரி வேலதான் செய்வாரு. ஆனா ஆசாரின்னு யாரும் கூப்ட மாட்டாங்க. பட்டாளத்தான்னுதான் கூப்புடுவாங்க" என்று அத்தைப் பாட்டி சொன்னது இதைத்தான். வீடு கட்டும்போது நிலைவாசல் வைப்பது வெறும் மரவேலை அல்ல, சடங்கு. நாள் பார்த்து, பூஜை செய்து, ஆசாரிக்கு வேட்டியும் தட்சிணையும் வைத்துக் கொடுப்பார்கள். பட்டாளத்தான் செய்த நிலையை எந்த ஊர்க்காரன் தன் வாசலில் நிறுத்துவான்? பாலத்தின் பாரம் தாங்கும் மூட்டுப் போடத் தெரிந்தவர் செய்த கதவு ஒன்றுகூட ஊர்த் தெருவில் இல்லை. எங்கள் சேரியில் யாருக்கும் கதவு வைத்த வீடே அன்று இல்லை.

அப்படியானால் யாருக்குத் தச்சுவேலை செய்தார்? அத்தைப் பாட்டியிடம் கேட்டுக் கேட்டு நான் சேர்த்த பட்டியல் இது. சர்ச்சுக்குப் பெஞ்சு, மிஷன் பள்ளிக்குக் கரும்பலகை, கிறிஸ்தவர் வீட்டுச் சாவுக்குப் பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலாகத் தோல் ஷாப்புகள். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றங்கரை முழுக்க ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட காலம் அது. போரின்போது பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்சுக்காக மதராஸ் பதனிட்ட தோலை அரசாங்கமே வாங்கிக் குவித்தது. ஷாப்புகள் பெருகின. தோல் காயப்போடும் கொட்டகை, சதை சுரண்டும் சாய்மரம், கூரைக்கு உத்திரம் எல்லாவற்றுக்கும் தச்சர் வேண்டும். நாற்றம் என்று ஊர் ஆசாரிகள் அங்கே போவதில்லை. முதலாளிகளான முஸ்லிம்களுக்கு யார் கை உளி பிடிக்கிறது என்பது பொருட்டில்லை. சாதிச் சந்தைக்கு வெளியே எங்கே ஒரு சந்தை இருந்ததோ, அங்கே மட்டும் அவர் தச்சர். அதற்குள் திரும்பினால் பட்டாளத்தான்.

அந்தத் தொழில் அவரோடு முடிந்தது. என் தாத்தாவுக்கு உளி பிடிக்கத் தெரியும். ஆனால் அப்பா இறந்ததும் காயத்துக்காக வந்துகொண்டிருந்த சிறு பென்ஷன் நின்றுவிட்டது. மரம் வாங்க அதுதான் முதல். ஆசாரி வீட்டுப் பையனுக்கு மரக்கடையில் சொந்தம், கடன், தவணை எல்லாம் உண்டு. இவருக்கு ரொக்கம் வைத்தால்தான் பலகை. கொட்டகை போனது, மனை போனது. எந்தத் தோல் ஷாப்புகளுக்கு அப்பா உத்திரம் ஏற்றினாரோ, அதில் ஒன்றில் தாத்தா சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை பார்த்தார். திறன் பயிற்சி கொடுத்துவிட்டால் வறுமை தீரும் என்று திட்டம் தீட்டும் கூட்டங்களில் உட்கார நேரும்போதெல்லாம் எனக்கு இந்தக் குழி ஞாபகம் வரும். தொழில் கற்றுக்கொடுக்க ஆள் வந்தார்கள். மரம் கடன் கொடுக்க, வேலை கொடுக்க, வாசலில் நிலை வைக்க யாரும் வரவில்லை.

இவ்வளவு எழுதியும் அவர் பெயரை எழுதாததற்குக் காரணம் உண்டு. பதக்கத்தில் இருப்பது ஆங்கில எழுத்தில் சிதைந்த ஒரு பெயர். சர்ச்சின் திருமணப் பதிவேட்டில் இருப்பது வேதாகமப் பெயர். பத்திரத்தில் இருப்பது குலதெய்வத்தின் பெயர், மதம் இந்து. மூன்றும் ஒரே ஆள். மனைவி பெயரும் தகப்பன் பெயரும் பொருந்துகின்றன. அன்று ஒருவர் ஞாயிறு சர்ச்சுக்கும் ஆடியில் கூழ் ஊற்றவும் போவதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. 1950இல் குடியரசுத் தலைவர் ஆணை வந்து, பட்டியல் சாதியினர் என்றால் இந்துவாக இருக்க வேண்டும் என்றது. சீக்கியரை 1956இலும் பௌத்தரை 1990இலும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரை இன்னும் சேர்க்கவில்லை. விளைவாக, இந்த ஒரே மனிதரின் கொள்ளுப்பேரர்களில் சிலர் கையில் பட்டியல் சாதிச் சான்றிதழ், சிலர் கையில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். அவர் பெயரையும் சர்ச் பதிவேட்டையும் சேர்த்து நான் பொதுவில் எழுதினால் யாராவது ஒருவர் வேலைக்கு ஆபத்து. ஜமீன் குடும்பங்களின் வம்சாவளி நூல்களுக்கு இந்தக் கவலை இருப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பட்டாளத்துத் தாத்தா இருந்தால், பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். எழுத்து மங்கியிருந்தால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். புளி போட்டுத் துலக்க வேண்டாம், எழுத்து போய்விடும். படைவீரர் எண் கிடைத்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும், அந்தப் படைப்பிரிவின் இன்றைய மையத்திலும் எழுதிக் கேட்கலாம். பழைய சர்ச்சுகளின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைப் பார்க்க ஆயரிடம் பொறுமையாகப் பேச வேண்டும். சான்றிதழ் சிக்கல் உள்ள குடும்பமென்றால், முதலில் வீட்டாரோடு கலந்துகொண்டு கேளுங்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் தேடும்போது எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களோடு நின்றுவிடாமல் பத்திர நகலையே கேட்டு வாங்குங்கள். ஜீவனம் அதற்குள்தான் இருக்கும். வீட்டில் மூத்த பெண்கள் யாராவது இருந்தால் இதற்கெல்லாம் முன்பு அவர்களிடம் போய் உட்காருங்கள். ஆண்கள் பட்டாளத்தைச் சொல்வார்கள். மரம் எங்கிருந்து வந்தது, கூலி எவ்வளவு பாக்கி நின்றது, கொட்டகையை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.